லாக்டவுனும் முப்பது லாக்கும்

கடையைத் திறந்து ரொம்ப நாளாச்சு. இப்பத்தான் ஒட்டடை அடிச்சிட்டு உக்காந்திருக்கேன். ஆராய்ச்சிங்கற பேர்ல புடுங்குற ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, மன்னிச்சுக்குங்க. (யாரும் தேடலைன்னு தெரியும். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு.)

போன வாரம் பழைய மின்மடல்களைக் குடைஞ்சிட்டிருந்தப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. 13 ஏப்ரல் 2020, திங்கள், மதியம் 2 மணி. ஐந்து பேர், நான்கு இரவு. படகு முன்பதிவு செஞ்சதுக்கான ரசீது. அந்தப் படகுல நாங்க யாரும் ஏறவே இல்ல. ஏன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் காசு எங்க போச்சுன்னு தெரியாதுல்ல? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொசுவத்தியைக் கொளுத்திக்கறேன், நீங்களும் கொஞ்சம் பின்னாடி வாங்க.

ஒல்லிப் படகு

2019 செப்டம்பர்ல எம்.எஸ்சி. படிக்க பர்மிங்காம் வந்தேன். செல்லி ஓக்ல ஒரு ரூம். பக்கத்துலயே ஊஸ்டர் - பர்மிங்காம் கால்வாய், பல்கலைக்கழகத்தை ஒட்டியே போகும். 'வெனிஸை விட எங்க ஊர்ல கால்வாய் அதிகம்'னு இந்த ஊர்க்காரங்க வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்குவாங்க. நான் முதல் தடவை பார்த்தப்போ தண்ணி டீக்கடை பாய்லர் கழுவின கலர்ல இருந்துச்சு. நம்ம பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதுவே சுத்தமாத்தான் தெரிஞ்சுது. :-)

அதுல ஒல்லி ஒல்லியா படகுங்க நிக்கும். அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் கம்மி. நீளம் மட்டும் எழுபது அடி வரைக்கும் போகும். ஒரு ரயில் பெட்டியை ரெண்டா வகுந்து தண்ணியில விட்ட மாதிரி. ஏன் இவ்ளோ ஒல்லின்னா, 18-ம் நூற்றாண்டுல ஜேம்ஸ் பிரிண்ட்லிங்கற எஞ்சினியர் இந்த மத்திய இங்கிலாந்துக் கால்வாய்களுக்கு ஏழடி அகலத்துலதான் லாக் கட்டினார். லாக் ஏழடின்னா படகும் அதுக்குள்ள அடங்கணும்ல? 1761-ல பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்ல மான்செஸ்டருக்கு நிலக்கரி போக ஆரம்பிச்சதுலேர்ந்து குதிரைங்க கரையில நடந்து இழுத்த படகுங்கதான் இந்த நாட்டுத் தொழிற்புரட்சியைச் சுமந்துச்சு. அப்புறம் ரயில் வந்துச்சு, லாரி வந்துச்சு, கால்வாய் செத்துச்சு. இப்ப இருக்கறதெல்லாம் மறுபிறவி. சரக்கு ஏத்தின இடத்துல இப்ப கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வச்சு விடுமுறைக்கு வாடகைக்கு விடுறாங்க. வேகம் மணிக்கு 4 மைல், அதுக்கு மேல போகக் கூடாது. நடந்து போறவங்க நம்மளை ஓவர்டேக் பண்ணிட்டுப் போவாங்க.

இதுல என்ன இருக்குன்னுதான் நானும் நினைச்சேன், நம்ம சிதம்பரம் அந்தப் படத்தைக் காட்டுற வரைக்கும். (முன்னாள் நிதியமைச்சர் இல்லீங்க. என் வகுப்புத் தோழன், ஊர் பேரே அவனுக்குப் பேராயிடுச்சு.) வேல்ஸ்ல பொன்ட்கசுல்தேன்னு ஒரு இடம். வாய் சுளுக்கிக்கும், மெதுவா சொல்லுங்க. நம்ம கன்னியாகுமரிப் பக்கம் மாத்தூர் தொட்டிப் பாலம் பார்த்திருப்பீங்களே, அதே மாதிரி ஆத்துக்கு மேல தண்ணியைத் தூக்கிட்டுப் போற பாலம். ஆனா இது 1805-லயே கட்டி முடிச்சது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டினது, 126 அடி உயரம், 307 மீட்டர் நீளம். 2009-லேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். முக்கியமான விஷயம், இந்தத் தொட்டியில படகு போகும். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் இருக்கு. இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல. தண்ணி, இரும்புத் தொட்டியோட விளிம்பு, அப்புறம் காத்து.

"அந்தக் கம்பி இல்லாத பக்கம் உக்காந்து பாயசம் குடிக்கணும்டா" அப்படின்னான் சிதம்பரம். "பிச்சாவரத்துல துடுப்பு போட்டு வளர்ந்தவன் நான், படகை என்கிட்ட விடுங்க." அவன் பிச்சாவரத்துக்கு ரெண்டு தடவை பள்ளிக்கூட டூர் போனதோட சரின்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

திட்டம் போட்டோம். நான், சிதம்பரம், மதுரைக்காரன் ஒருத்தன், கோயமுத்தூர் அம்மணி. இந்த நாட்டுல வாடகைப் படகு ஓட்ட லைசென்ஸ் எதுவும் வேணாம். ஆனா சின்னப் பசங்க மட்டும் கும்பலா வந்தா தர மாட்டோம், வயசு கூடின ஒருத்தராவது வேணும்னு அந்தக் கம்பெனில ஒரு விதி. அதுக்காகவே லண்டன்லேர்ந்து யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தரைப் பிடிச்சோம். "தம்பி, நான் கப்டன் எண்டால் நீங்கள் எல்லாரும் சொன்னதைக் கேக்கோணும்" அப்படின்னு நிபந்தனையோட ஒத்துக்கிட்டார்.

ஆளுக்கு 170 பவுண்டு, மொத்தம் 850. திங்கள் மதியம் ஷ்ராப்ஷயர்ல படகை எடுக்கறோம். மறுநாள் செவ்வாய் ஏப்ரல் 14, சார்வரி வருஷப் பிறப்பு, அன்னிக்குப் பாலத்து மேல இருக்கணும். அம்மணி புளியோதரை, மதுரைக்காரன் வடை, சிதம்பரம் பாயசம். எனக்குப் பாத்திரம் கழுவுற வேலை. பிப்ரவரியில மீதிக் காசையும் கட்டியாச்சு.

தள்ளிப் போடலாமே

2020 மார்ச் 23 ராத்திரி பிரதமர் போரிஸ் ஜான்சன் டிவியில வந்து எல்லாரும் வீட்லயே இருங்கன்னார். அதுக்கு முன்னாடியே இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியாச்சு. படகு என்னாகும்னு ஒருத்தரும் கவலைப்படல. வீட்ல அரிசி இருக்கா, டாய்லெட் பேப்பர் இருக்கா, ஊர்ல அப்பா அம்மா மாஸ்க் போடறாங்களா, இதுதான் பேச்சு.

ரெண்டு நாள் கழிச்சு படகுக் கம்பெனிலேர்ந்து கடிதம். ரொம்ப அன்பான கடிதம். கவலைப்படாதீங்க, உங்க காசு பத்திரமா இருக்கு, 2021 கடைசிக்குள்ள எந்தத் தேதிக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம். பணத்தைத் திருப்பித் தர்றது பத்தி மட்டும் ஒரு வார்த்தை இல்ல.

தள்ளிப் போடறதுங்கறது இங்கயே இருக்கறவங்களுக்குச் சரி. எங்களுக்கு? படிப்பு செப்டம்பரோட முடியுது, விசா 2021 ஜனவரியோட முடியுது. படிச்சு முடிச்சவங்க ரெண்டு வருஷம் தங்கி வேலை பார்க்கலாம்ங்கற புது விசா 2021 ஜூலை 1-லதான் திறந்துச்சு. நாங்க அந்த பஸ்சைத் தவற விட்டவங்க. படகை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம், எங்க ஒரு வருஷப் படிப்பைத் தள்ளிப் போட முடியாதுல்ல?

தள்ளிப் போட்டவங்களும் எல்லாரும் போயிடலைங்கறதையும் சொல்லிடறேன். 2020 ஜூலை 4-ல இங்கிலாந்துல விடுமுறைத் தங்கலுக்கு அனுமதி வந்துச்சு, வேல்ஸ்ல 11-ம் தேதி. நாங்க போக இருந்த லாங்கோலன் கால்வாய் சிர்க்குங்கற ஊர்ல ஒரு பாலத்து மேலதான் நாட்டு எல்லையைத் தாண்டுது. பாலத்துக்கு இந்தப் பக்கம் படகுல தூங்கலாம், அந்தப் பக்கம் தூங்கக் கூடாதுன்னு ஒரு வாரம். அப்புறம் அக்டோபர் 23-லேர்ந்து வேல்ஸ் மூடுச்சு. அது நவம்பர் 9-ல திறக்கறதுக்குள்ள, 5-ம் தேதியே இங்கிலாந்து மூடிக்கிச்சு. 2021 ஈஸ்டருக்குப் போட்டுக்கலாம்னு நினைச்சவங்களுக்கு ஈஸ்டர் ஏப்ரல் 4, இங்கிலாந்துல அனுமதி ஏப்ரல் 12. அவ்வ்வ்வ்.

நகர வேண்டியவர் நின்னார்

அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு ஒரு தடவை உடற்பயிற்சிக்கு வெளிய போலாம். நான் கால்வாய்க் கரையில நடப்பேன். அங்க ஒரு பச்சைப் படகு நின்னுட்டிருக்கும். பின் தளத்துல ஒரு பெரியவர், வயசு எழுபதுக்கு மேல. தனி ஆள். படகுதான் வீடு.

இந்த மாதிரி நிரந்தரமா கட்டிப் போட இடம் இல்லாம படகுலயே வாழறவங்க நிறைய. 1995-ல வந்த சட்டப்படி அவங்க ஒரே இடத்துல 14 நாளுக்கு மேல நிக்கக் கூடாது, நகர்ந்துட்டே இருக்கணும். இங்கிலாந்து, வேல்ஸ்ல சுமார் 2000 மைல் நீர்வழியைப் பாத்துக்கற கால்வாய் - ஆறு அறக்கட்டளைதான் இதைக் கண்காணிக்குது. 2020 மார்ச்ல அவங்க அந்த 14 நாள் விதியை நிறுத்தி வச்சாங்க. இருக்கற இடத்துலயே இருங்க, குடிதண்ணி பிடிக்கவும் கக்கூஸ் டப்பாவைக் காலி பண்ணவும் மட்டும் நகருங்கன்னுட்டாங்க. கரையில நடக்கறவங்களுக்கும், படகுக்குள்ள ஆளுங்க இருக்காங்க, கூட்டமா போகாதீங்கன்னு வேண்டுகோள்.

"முப்பது வருஷமா என்னை நகரு நகருன்னு சொன்னாங்க. இப்ப நகராதேங்கறாங்க" அப்படின்னு அவர் சிரிச்சார். "லாக்ல தண்ணியை வடிச்சு இறங்கறதைத்தான் நான் லாக் டவுன்னு நினைச்சிட்டிருந்தேன்." (இந்த ஜோக்கைக் குறைஞ்சது பத்து தடவை சொல்லியிருப்பார்.)

நகர வேண்டியவர் நின்னுட்டார். ஊருக்குப் போக வேண்டிய நாங்களும் நின்னுட்டோம். வாரம் ஒரு தடவை அவருக்கு ரொட்டி, பால், பேட்டரி வாங்கி கரையில வச்சிட்டு ரெண்டு மீட்டர் தள்ளி நிப்பேன். ரெண்டு மீட்டர்னா எவ்ளோன்னு எனக்குக் குழப்பமே வந்ததில்ல, அந்தப் படகோட அகலம்தான்.

அவர்தான் அந்த ஏழடிக் கதையைச் சொன்னார். பர்மிங்காம் கேஸ் ஸ்ட்ரீட்ல ரெண்டு கால்வாய் சந்திக்குது. எங்க தண்ணி உன் பக்கம் போயிடும்னு பழைய கம்பெனிக்காரங்க புதுக் கம்பெனியோட சேர விடல. நடுவுல ஏழடிக்கு ஒரு தடுப்பு. இந்தப் பக்கப் படகுலேர்ந்து அந்தப் பக்கப் படகுக்குச் சரக்கு மொத்தத்தையும் ஆளுங்க கையாலயே மாத்தினாங்க. 1815-லதான் தடுப்பை உடைச்சு வழி விட்டாங்க. அந்தத் தடுப்போட மிச்சம் இன்னும் அங்கயே இருக்கு, பர்மிங்காம் வந்தா போய்ப் பாருங்க.

ஏப்ரல் கடைசி வாரம்

ஏப்ரல் 14-க்கு நாலு ரூம்லேர்ந்து நாலு பேரும் லண்டன்லேர்ந்து அண்ணனும் வீடியோவுல வந்தோம். சிதம்பரம் பாயசம் வச்சான். ஜன்னல் ஓரம் உக்காந்து, "இதுதான் கம்பி இல்லாத பக்கம்"னு சொல்லிக் குடிச்சான்.

பத்து நாள் கழிச்சு விடியற்காலை என் கதவைத் தட்டினான். அவன் அப்பா இறந்துட்டார். கொரோனா இல்ல, மாரடைப்பு. முந்தின நாள் ராத்திரி பேசியிருக்கார், அரிசி வாங்கிட்டியான்னு கேட்டிருக்கார்.

விமானம் கிடையாது. எந்த வழியும் கிடையாது. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல கூடாதுன்னு அங்க விதி. மூத்த பிள்ளை இவன், கொள்ளி வச்சது தம்பி. வாட்ஸ்அப்ல ஒரு சித்தப்பா போனைப் பிடிச்சிட்டு நின்னார், அவர் கை ஆடிட்டே இருந்துச்சு. நாங்க மூணு பேரும் இவன் ரூம் வாசல்ல, தாழ்வாரத்துல நின்னோம். பக்கத்துல போய்த் தோளைத் தொடலாமா கூடாதான்னு அன்னிக்குக் கூட ஒரு நிமிஷம் யோசிச்சேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு இன்னும் எனக்கு வெட்கமா இருக்கு.

மே 7-ல வந்தே பாரத் விமானங்கள் ஆரம்பிச்சுது. பதிவு பண்ணினான். கர்ப்பிணிங்க, வயசானவங்க, சாவுக்குப் போறவங்கன்னு வரிசை. அவனை மாதிரி எத்தனையோ பேர். பதினாறாம் நாள் காரியத்துக்குள்ள அழைப்பு வரல. லண்டன்லேர்ந்து டிக்கெட் 50,000 ரூபாய். அதுக்கு மேல அங்க போய் ஹோட்டல்ல தனிமைக்குத் தனிக் காசு. அப்பா போன வீடு, கல்விக் கடன் அவன் பேர்ல. ஊர்ல யாரையும் காசு கேக்க மாட்டேன்னுட்டான்.

அப்பத்தான் அம்மணிக்குப் படகு ஞாபகம் வந்துச்சு.

ஏப்ரல் 30-ல பிரிட்டன் போட்டி - சந்தை ஆணையம் ஒரு அறிக்கை விட்டிருந்துச்சு. ஊரடங்கு விதியால சேவை தர முடியலைன்னா வாடிக்கையாளருக்கு முழுப் பணமும் திருப்பித் தரணும், வேற தேதிதான்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு. அதை வச்சு ஒரு கடிதம் எழுதினோம். பதில் இல்ல. ரெண்டாவது எழுதினோம். எங்க சின்னக் கம்பெனி, எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்தா மூழ்கிடுவோம்னு பதில். அதுவும் பொய்யா இருக்காது, ஈஸ்டர்லேர்ந்து கோடை வரைக்கும்தான் அவங்களுக்கு வருமானம். மூணாவது கடிதத்துல சட்டம் எதையும் எழுதாம, காசு எதுக்குன்னு மட்டும் அம்மணி எழுதினா. நாலாம் நாள் 850 பவுண்டும் வந்துடுச்சு. கூடவே ஒரு வரி, உங்க நண்பருக்கு எங்க அனுதாபங்கள்னு.

அதுக்குள்ள அண்ணன் தன்னோட கார்டுல டிக்கெட் போட்டுட்டார். "காசு வந்தால் வரட்டும், வராட்டி விடுங்கோ. நான் என்ர அம்மம்மான்ர செத்தவீட்டுக்கும் போகேல்ல, அப்ப பாதை பூட்டு. எனக்குத் தெரியும்" அப்படின்னார். அதுக்கு மேல அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

ஜூன்ல சிதம்பரம் கிளம்பினான். முதல்ல ஹோட்டல், அப்புறம் வீடுன்னு 14 நாள் தனிமை. மறுபடியும் அதே பதினாலு. படகுக் காசு டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் ஏறக்குறைய சரியாப் போச்சு. மிச்சத்துல அவன் அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கினான்.

முப்பது லாக்

ஆகஸ்ட்ல பெரியவர் ஊஸ்டர் பக்கம் கிளம்பறேன்னார். வழியில டார்டிபிக். பர்மிங்காம்லேர்ந்து அது வரைக்கும் 14 மைல் ஒரே மட்டம், அதுக்கு மேல ரெண்டேகால் மைல்ல 30 லாக், 220 அடி இறக்கம். தனியா முடியாது, ஒரு கை கொடுக்கறியான்னார். படகுல ஏற வேணாம், நீ கரையில, நான் படகுல, ரெண்டு மீட்டருக்கு மேலயே இருப்போம்னார். மாஸ்க் போட்டுட்டு ரயில் ஏறிட்டேன்.

லாக்னா ரெண்டு பக்கமும் கதவு வச்ச ஒரு கல் தொட்டி. படகு உள்ள வந்ததும் பின் கதவைச் சாத்தணும். முன் கதவுல இருக்கற மதகைத் திறந்தா தண்ணி வடியும், படகு லிஃப்ட் மாதிரி இறங்கும். மட்டம் சரியானதும் கதவு திறக்கும், அதுக்கு முன்னாடி நாலு யானை வந்தாலும் திறக்காது. மதகு திறக்க எல் மாதிரி வளைஞ்ச ஒரு இரும்புச் சாவி. கதவு தள்ள நம்ம முதுகு. இது மாதிரி முப்பது தடவை. ஏழாவது லாக்ல கை போச்சு, பன்னெண்டாவதுல முதுகு போச்சு, இருபதுக்கு மேல எண்ணுறதை விட்டுட்டேன்.

அதே டார்டிபிக்லதான் எல்.டி.சி. ரோல்ட்ங்கற எழுத்தாளர் யுத்த காலத்துல தன் படகைக் கட்டிட்டு இருந்தார். 'நேரோ போட்'ங்கற அவர் புத்தகம் 1944-ல வந்துச்சு. அதைப் படிச்சிட்டு ராபர்ட் ஐக்மன்ங்கறவர் 1945-ல அவரைத் தேடி வந்தார். மறு வருஷம் கால்வாய்களைக் காப்பாத்த ஒரு சங்கமே உருவாச்சு. இதெல்லாம் பெரியவர் லாக்குக்கு அடியிலேர்ந்து கத்திச் சொன்னது, எனக்கு மேல பாதிதான் கேட்டுச்சு. மீதியை அப்புறம் நானே தேடிப் படிச்சுக்கிட்டேன்.

அஞ்சரை மணி நேரம். கடைசி லாக்ல அவர் படகு கீழ போயிடுச்சு, நான் மேல நிக்கறேன். கையைத் தூக்கிக் காட்டினார், போயிட்டார். போன் நம்பர் கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல.

அஞ்சு வருஷமும் ஒரு நாளும்

நானும் ஊருக்குப் போனேன், வேலை பார்த்தேன், 2022 அக்டோபர்ல பிஎச்.டி.க்கு மறுபடி இதே ஊருக்கு வந்தேன். மதுரைக்காரன் இப்ப இங்க வேலையில. அம்மணி ஜெர்மனி. அண்ணன் கல்யாணம் ஆகி ஒரு குட்டிப் பாப்பாவோட லண்டன்ல. சிதம்பரம் சென்னையில வேலை, அம்மாவும் கூட. வேற பல்கலைக்கழகம்னு போகாம, அந்தப் பட்டத்தை ஆன்லைன்லயே முடிச்சிட்டான்.

2025 ஏப்ரல் 14 திங்கள், விசுவாவசு வருஷப் பிறப்பு. அதே கம்பெனி, அதே படகுத்துறை. நான், மதுரைக்காரன், அண்ணன் குடும்பம். சுக்கானை இடது பக்கம் தள்ளினா படகு வலது பக்கம் போகுதுங்கறது மண்டையில ஏற அரை நாள் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டு புதர், ஒரு பாலத்தூண் எல்லாத்தையும் நலம் விசாரிச்சோம். பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தது செவ்வாய். சிதம்பரம் போட்ட திட்டப்படி அஞ்சு வருஷமும் ஒரு நாளும் லேட்டு.

தொட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அவனுக்கு வீடியோ போட்டேன். அங்க சாயங்காலம், பைக்கை ஓரம் கட்டிட்டு எடுத்தான்.

"கம்பி இல்லாத பக்கம் காட்டுடா" என்றான்.

போனை அந்தப் பக்கம் திருப்பினேன். கீழ டீ ஆறு, மரங்களோட உச்சி, ஆடுங்க வெள்ளைப் புள்ளியா. அண்ணன் படகை நடையை விட மெதுவா விட்டார். என் கை ஆடக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருக்கும், அவன் ஒண்ணும் பேசல. அந்தக் கரை வந்தப்புறம்தான் கேட்டான்.

"தாண்டியாச்சா?"

"தாண்டியாச்சு."

"சரிடா, வச்சிடறேன். அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும், கடையை மூடிடுவான்."

பாயசம் அண்ணி வச்சது, நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்கும் பாத்திரம் நான்தான் கழுவினேன்.

டிஸ்கி: படிக்க வந்த மக்கள் யாராவது படகு எடுக்கறதா இருந்தா, வயசு விதியையும் ரத்து விதியையும் காசு கட்டறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க. 'தேதி மாத்தித் தரோம்'னு சொன்னா, உங்க விசா தேதியை ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு பதில் எழுதுங்க. பச்சைப் படகுப் பெரியவர் யாரையாவது ஊஸ்டர் பக்கம் பார்த்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. லாக் டவுன் ஜோக் சொன்னார்னா அவரேதான். :-)